அன்னை நரகத்துக்குப் போகட்டும்

குறுந்தொகையில் 292-ஆவது பாட்டு பரணர் பாடியது. தோழி பேசுகிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் மறைந்து நிற்கிறான், அவன் காதில் விழட்டும் என்றே பேசுகிறாள். எட்டு வரிப் பாட்டில் ஐந்து வரி நன்னன் என்ற மன்னனுக்குப் போய்விடுகிறது. யாரும் தொடக் கூடாத அவனுடைய காவல்மரமான மாமரத்திலிருந்து விழுந்த ஒரு காய் ஆற்றில் மிதந்து வருகிறது. குளிக்கப் போன பெண் ஒருத்தி அதை எடுத்துத் தின்றுவிடுகிறாள். அந்தக் குற்றத்துக்கு 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று சொல்லியும் நன்னன் கேட்கவில்லை. கொன்றுவிட்டான்.

பெண்கொலை புரிந்த நன்னன் போல
வரையா நிரையத்துச் செலீஇயரோ அன்னை
ஒருநாள் நகைமுக விருந்தினன் வந்தெனப்
பகைமுக ஊரின் துஞ்சலோ இலளே.

அந்த நன்னன் போன நரகத்துக்கே போகட்டும் என்று தோழி சபிப்பது தலைவியின் தாயை. அந்தத் தாய் அப்படி என்ன செய்துவிட்டாள்? சிரித்த முகத்தோடு ஒருத்தன் ஒரே ஒரு நாள் விருந்தாளியாக வந்துபோனான். அன்றிலிருந்து அவள் தூங்குவதில்லை. பகைவர் படை வெளியே நிற்கும்போது ஊர் எப்படிக் கண்விழித்துக் கிடக்குமோ அப்படிக் கிடக்கிறாள்.

கல்லூரியில் எங்களுக்கு இந்தப் பாட்டை நன்னன் பற்றிய வரலாற்றுக் குறிப்பாகத்தான் நடத்தினார்கள். தேர்வுக்கும் அதுதான் வரும். எத்தனை யானை, எந்த மரம், எந்த மன்னன். தாயைச் சபிக்கும் வரியை ஆசிரியர் ஒரே மூச்சில் கடந்துவிட்டார். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் நினைவில் நிற்பது அந்த வரிதான். தாய்மையைத் தெய்வம் தெய்வம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற மொழியில், அம்மா நரகத்துக்குப் போகட்டும் என்று ஒரு இளம்பெண் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொல்வது மகள் இல்லை. மகளுக்காகத் தோழி சொல்கிறாள்.

இந்த விஷயத்தைத்தான் எழுத நினைத்தேன். தமிழில் பெற்றோர் மகளைக் காயப்படுத்தும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பட்ட மகள் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவளுடைய கோபத்தை எப்போதும் வேறு யாரோ பேச வேண்டியிருக்கிறது. சில கதைகளில் தோழி, சில கதைகளில் கதையின் தலைப்பு, ஒரு நாவலில் யாரோ ஒரு எழுத்தாளர். யாருமே பேசாமல் போன கதையும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சங்கப் பாடல்களில் மகளை வீட்டுக்குள் அடைத்துவைப்பதற்குத் துறைப்பெயரே இருக்கிறது: இற்செறிப்பு. அடைத்துவைக்கிறவள் தாய். மகள் மெலிந்தால் முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு, சாமியாடிக் காரணம் சொல்லும் வெறியாட்டு நடத்துகிறவளும் தாய். மகள் காதலனோடு போய்விட்டால் அவள் விளையாடிய பந்தையும் பாவையையும் பார்த்து அழுகிறவளும் தாய்தான். ஐங்குறுநூற்றில் இந்த அழுகைக்கென்றே பத்துப் பாட்டு இருக்கிறது, ஓதலாந்தையார் பாடியது. அப்பா எங்கே என்று தேடிப் பாருங்கள். புறநானூறு 336, மறுபடியும் பரணர்தான். பெண் கேட்டு வந்த வேந்தன் சினத்தோடு நிற்கிறான், ஊர் போருக்குத் தயாராகிறது. செய்ய வேண்டியதைத் தந்தை செய்யவில்லை என்று அவருக்கு ஒரே ஒரு வரி. கடைசியில் பழி வந்து விழுவது மகளை அழகாக வளர்த்ததோடு பகையையும் சேர்த்து வளர்த்த ‘பண்பில் தாய்’ மேல். பெண் கொடுக்க மறுக்கிற கதை, ஊரே அழியப்போகிறது, பண்பு இல்லாதவள் அம்மா. அப்பாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதத் தமிழுக்கு வெகுகாலம் பிடித்தது.

அந்த இற்செறிப்பு அப்படியே இருபதாம் நூற்றாண்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில் நடப்பதை ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலில் பார்க்கலாம். 1964-ல் வந்தது. நொடித்துப்போன பெரிய வீடு, குடிக்கிற அப்பா, பேத்தியை உயிராக நினைக்கிற தாத்தா கண்ணப்பச்சி. லிஸி பெரியவளானதும் வீட்டோடு நிறுத்தப்படுகிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பனையேறியின் மகனான தங்கராஜை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அந்த வீட்டில் இடமில்லை. கொடுமைக்காரர்கள் என்று யாரையும் கைகாட்ட முடியாதபடி ஒரு பெண்ணின் வாழ்க்கை சுருங்குவதை இவ்வளவு நிதானமாக எழுதிய நாவல் தமிழில் குறைவு. பலர் இதைக் காதல் கதையாக மட்டும் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதைக்கு வருகிறேன். 1971-ல் கசடதபற இதழில் வந்த கதை. அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் மகள் பெரியவளாகிவிடுகிறாள். என்ன நடந்தது என்று அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருப்பவர்கள் எதையெதையோ சொல்கிறார்கள், யாரும் சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை. குழந்தை அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். அம்மா அவளுக்கு ஏறக்குறைய ஒரு தேவதை. சிவப்பு, அழகு, சிரிப்பு. தான் கறுப்பு என்பதையும் மீறித் தன்னை அழகு என்று நம்பவைத்தவள். அம்மா வந்து கட்டிக்கொள்வாள், பயப்படாதே என்பாள், எல்லாம் சரியாகிவிடும்.

அம்மா வருகிறாள். போன இடத்தில் உறவுக்காரப் பெண் ராதுவைப் பெண் பார்க்க வந்தவன், பெண் கறுப்பு என்று வேண்டாம் என்றுவிட்டான். அந்த எரிச்சலோடு உள்ளே நுழைந்தவள் மகளைப் பார்த்து, இந்த இழவுக்கு உனக்கு என்ன அவசரம், இனி இது வேறு ஒரு பாரம் என்று கேட்டுவிடுகிறாள். கதை அவ்வளவுதான். குழந்தை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வதில்லை, உள்ளேயே உடைந்துபோகிறாள். கொலை என்ற சொல்லைத் தலைப்புதான் சொல்கிறது. குறுந்தொகையில் தோழி செய்த வேலையை இங்கே தலைப்பு செய்கிறது.

என்னை இந்தக் கதையில் ஆட்டிவைப்பது அந்த அம்மாவின் முன்கதை. முன்பக்கங்களில் மகளைக் கொண்டாடுகிற அந்த அம்மா பொய்யில்லை. அவள் உண்மையிலேயே அப்படித்தான். வீட்டுக்குள்ளேயே இருந்தவரை மகளின் நிறம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. வெளியே ஒரு கூடத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருவன் ஒரு பெண்ணின் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்று எழுந்து போவதைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கண்ணோடு திரும்பி வருகிறாள். வாசலில் நிற்பதும் ஒரு கறுப்புப் பெண். அவள் பேசுவது மகளிடம் இல்லை, அந்த மாப்பிள்ளைப் பையனிடம் பேச முடியாமல் போனதை இங்கே கொட்டுகிறாள். மகளுக்கு அது எப்படித் தெரியும்?

இந்தக் கதையை என் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த தலைமுறை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சமையலறை வாசப்படியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது வரும், கொஞ்சமாவது குற்ற உணர்வு வரும் என்று எதிர்பார்த்தேன் என்றால் அது பொய்யில்லை.

“பாவம், அந்தப் பொம்பள” என்றாள்.

“எந்தப் பொம்பள?”

“அம்மாக்காரிதான். அவ எந்த மனசோட ஊர்லருந்து வந்திருப்பா, அத யோசிச்சியா? வந்ததும் வராததுமா இது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அந்தப் புள்ள?”

“புள்ளைக்கு என்ன, ரெண்டு நாள்ல சரியாயிரும். நமக்கெல்லாம் ஆகலயா?” என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நமக்கெல்லாம் என்றாளே, அதில் நானும் சேர்த்தியா, அவள் மட்டுமா என்று கேட்கவில்லை. நான் பெரியவளான அன்று அம்மா சொன்ன முதல் வார்த்தை, “அப்பாகிட்ட நீயா எதுவும் சொல்லிராத, நான் சொல்லிக்கிறேன்.” அன்றைக்குப் பிறகு அப்பா என் தலையில் கைவைத்ததில்லை. அம்மாவின் அம்மா அவளிடம் என்ன சொன்னாள் என்று இதுவரை தெரியாது. அம்மாவின் வாசிப்பு தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. கதையில் அந்த அம்மாவுக்கான நியாயத்தையும் அம்பை வைத்திருக்கிறார், என் அம்மா அதைக் கண்டுபிடித்தாள். காயப்பட்டவள் எவள் என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

மகள் கதையைக் காட்டி அம்மாவைக் கேள்வி கேட்பது ஒன்றும் நான் கண்டுபிடித்த உத்தி இல்லை. ஜெயகாந்தன் நாவலில் வரும் கங்கா எனக்கு முன்னால் செய்துவிட்டாள்.

‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழைநாள், பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கும் கல்லூரிப் பெண், பெரிய காரில் வந்து ஏற்றிக்கொள்கிற ஒருத்தன். அவள் கெட்டுப்போய் வீடு திரும்புகிறாள் என்று அன்றைய வாசகர்கள் சொல்லியிருப்பார்கள். அம்மா விதவை. விஷயம் தெரிந்ததும் முதலில் அடிக்கிறாள். அப்புறம் ஒரு நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டு மகளைக் குளியலறைக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் தண்ணீர் இல்லை, சூயிங் கம். காரில் அவன் கொடுத்ததை அந்தப் பெண் இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள். வாயில் என்ன என்று கேட்டு, அதைத் துப்பிவிட்டு நன்றாகக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்கிறாள் அம்மா. தண்ணீர் கொட்டுவது புராணம். வாயைக் கொப்பளிக்கச் சொல்வது அம்மா. மகளின் வாயில் அந்த ஆள் இன்னும் இருக்கிறான் என்பது அவளுக்குத்தான் தெரிகிறது.

இன்றைக்குப் படித்தால் அந்தச் சுத்தம் என்ற பேச்சு உறுத்துகிறது. அவள் எப்போது அழுக்கானாள், இவள் சுத்தம் செய்வதற்கு? ஆனால் 1966-ல் அதற்கே எதிர்ப்பு கிளம்பியது. ஒரு தாய் எப்படி இதை மூடிமறைக்கலாம் என்று கேட்டார்கள். ஜெயகாந்தன் அந்த எதிர்ப்புக்கு ஒரு நாவலாகப் பதில் சொன்னார். தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆனது. 1972-ல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. சரி, நீங்கள் கேட்ட மாதிரியே அம்மா கத்திக் கூப்பாடு போட்டுவிட்டாள், அப்புறம் என்ன ஆகும் பார்ப்போமா என்பதுதான் நாவல்.

அந்த நாவலில் கங்காவின் அம்மா கனகம் கெட்டவள் இல்லை. பயந்தவள். பயத்தில் சத்தம் போட்டுவிட்டாள், பக்கத்துக் குடித்தனங்களுக்குத் தெரிந்துபோனது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். படிக்கவைக்கிறேன் என்று அழைத்துப்போகிற மாமா வெங்கட்ராமய்யர் அதற்கான கூலியை வேறு விதத்தில் எதிர்பார்க்கிறார். இத்தனைக்கும் பிறகு வேலைக்குப் போய்ச் சம்பாதித்து அம்மாவைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றுகிறவள் கங்காதான். சண்டை போட்டுக்கொள்வதில்லை. ஒரே வீட்டில் ஒருத்தர் சமைத்ததை ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஒரு நாளைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார்கள். அப்போது ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைக் கங்கா படிக்கிறாள். தன் கதை. ஆனால் அதில் வருகிற அம்மா வேறு மாதிரி. கங்கா அதை அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறாள்.

நீ ஏன் என் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டவில்லை என்ற கேள்வியை, பன்னிரண்டு வார்த்தைகூடத் தேவைப்படாத கேள்வியை, கங்காவால் நேராகக் கேட்க முடியவில்லை. யாரோ ஒரு எழுத்தாளர் எழுதித் தர வேண்டியிருக்கிறது. ஒரே எழுத்தாளர் ஒரே சம்பவத்துக்கு இரண்டு அம்மாக்களைப் படைத்து, இரண்டாவது அம்மாவிடம் முதல் அம்மாவைப் படிக்கக் கொடுத்த இந்த வேலை எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. நாவலின் பிற்பகுதியில் எனக்குச் சலிப்பு உண்டு. காரில் ஏற்றிப்போன அந்தப் பிரபு வந்த பிறகு ஜெயகாந்தன் நிறையப் பேசுகிறார், பாத்திரங்களுக்கு வாய் கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் பத்திரிகைக் காட்சி ஒன்று போதும்.

கனகம் கத்தியதும் அம்பையின் அம்மா சொன்னதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டு பேருக்கும் ஒரு காது மகள் பக்கம் இல்லை, தெருப் பக்கம் இருக்கிறது. இது நம் ஊர் வியாதி மட்டும்தானா என்று நினைத்தபோது ஜமைக்கா கின்கெய்டின் ‘கேர்ள்’ கதை கைக்கு வந்தது. கரீபியத் தீவான ஆண்டிகுவாவில் பிறந்தவர். 1978-ல் நியூயார்க்கர் இதழில் வந்த அந்தக் கதை முழுக்க ஒரே வாக்கியம். அம்மா மகளுக்குச் சொல்லும் அறிவுரைகள். வெள்ளைத் துணியைத் திங்கட்கிழமை துவை, வண்ணத் துணியைச் செவ்வாய்க்கிழமை, பொத்தான் இப்படித் தைக்கணும், மூலையை இப்படிப் பெருக்கணும், முற்றத்தை இப்படிப் பெருக்கணும், பிடிக்காத ஆளைப் பார்த்து இப்படிச் சிரிக்கணும். நடுநடுவே, நீ ஆகத் துடிக்கிறாயே அந்த மாதிரி நடத்தைகெட்டவளாகிவிடாதே என்றும் வரும். மகள் மொத்தக் கதையில் இரண்டே தடவை வாயைத் திறக்கிறாள். இரண்டாவது தடவை கதையின் முடிவில். ரொட்டி வாங்கும்போது அமுக்கிப் பார்த்து வாங்கு என்கிறாள் அம்மா. கடைக்காரர் என்னைத் தொட விடவில்லை என்றால் என்று மகள் கேட்கிறாள். இவ்வளவு சொல்லியும் கடைக்காரன் ரொட்டியைத் தொட விடாத மாதிரிப் பெண்ணாகத்தான் நீ ஆகப்போகிறாயா என்று அம்மா திருப்பிக் கேட்பதோடு முடிகிறது. கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுக்கப்பட்ட எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

இனி அப்பாக்கள். அப்பா செய்யும் காயம் பேச்சாக வருவதில்லை, பேசாமல் இருப்பதாக வருகிறது. அதனால்தான் எழுதுவது கடினம் என்று நினைக்கிறேன். கத்துகிற அம்மாவை வசனத்தில் கொண்டுவந்துவிடலாம். பேசாத அப்பாவை எப்படி எழுதுவது?

இமையம் ‘செல்லாத பணம்’ நாவலில் எழுதியிருக்கிறார். 2020-க்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். ரேவதி பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுகிற ரவியை விரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்பா நடேசன் தலைமையாசிரியர். ஊரில் மரியாதை உள்ளவர். மகளோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார். நாவல் தொடங்கிச் சில பக்கங்களிலேயே ரேவதி தீப்பிடித்து எரிந்து, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அவளே கொளுத்திக்கொண்டாளா, ரவி கொளுத்தினானா என்பது கடைசிவரை முழுசாகத் தெளிவாவதில்லை. தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கிறவர்களின் பேச்சாலேயே நாவல் நகர்கிறது. அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி, சொந்தக்காரர்கள், முன்பின் தெரியாதவர்கள். எல்லோரும் பேசுகிறார்கள். பேச்சு, அழுகை, வசை, மறுபடி பேச்சு. இவ்வளவு பேச்சு அந்தக் குடும்பத்துக்குள் முன்பே இருந்திருந்தால் என்ற எண்ணம் படிக்கிறவருக்கு வராமல் போகாது. இமையம் அதைச் சொல்வதில்லை, வாசிக்கிற நமக்கு மூச்சு முட்டும்படி எழுதிக்கொண்டே போகிறார்.

நடேசனிடம் பணம் இருக்கிறது. எவ்வளவு ஆனாலும் செலவழிக்கத் தயார். டாக்டர்களுக்கு அவர் பணம் தேவைப்படவில்லை. மகள் உயிரோடு வேறொரு வீட்டில் இருந்த நாட்களில் அவளுக்குத் தேவைப்பட்டது பணம் இல்லை என்பது அவருக்கு அந்த வராந்தாவில்தான் உறைக்கிறது. முன்பு நான் சொன்னேனே, மகளுக்காக யாருமே பேசாமல் போன கதை என்று, அது இதுதான். தோழியும் இல்லை, எழுத்தாளர் ஆர்.கே.வி.யும் இல்லை. ரேவதியின் கோபம் யார் மேல் என்று நமக்குச் சரியாகத் தெரியாமலே அவள் செத்துப்போகிறாள். அவள் அப்பாவை மன்னித்தாளா என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் வெட்கமில்லாததாகத் தோன்றும்.

இமையம் எழுதிய இன்னொரு அப்பா, 2012-ல் வந்த ‘பெத்தவன்’ நெடுங்கதையின் பழனி. மகள் பாக்கியம், தலித் சாதியைச் சேர்ந்த போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரை விரும்புகிறாள். பழனியின் வீட்டு வாசலில் ஊர் கூடி நிற்கிறது. பெண்ணைக் கொன்றுவிடு என்கிறது. ஏற்கெனவே அவளை அடித்து உதைத்து வைத்திருக்கிற குடும்பம்தான். பழனியும் சரி என்று ஊருக்கு வாக்குக் கொடுக்கிறார். ராத்திரியில் மகளுக்குப் பணத்தையும் நகையையும் கொடுத்து அவனோடு அனுப்பிவைத்துவிடுகிறார். விடிந்தால் பழனி பிணம். மகளுக்காக உயிரையே கொடுத்த தியாகத் தந்தை என்று இந்தக் கதையைப் பாராட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படி வாசிக்கவில்லை. அந்த மனிதருக்கு ஊரை எதிர்த்து நின்று ‘முடியாது’ என்று சொல்கிற வழி ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை. சாவது அவருக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது. அது தியாகமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெண் இனி வாழப்போகும் ஒவ்வொரு நாளும் அப்பாவைக் கொன்றவள் என்ற பெயரோடு வாழ வேண்டும். அதே 2012 நவம்பரில் தருமபுரியில் தலித் குடியிருப்பான நத்தம் காலனி எரிந்தபோது, அதற்கு முன்னால் நடந்ததும் சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் தந்தையின் சாவுதான். கதை முன்பே எழுதப்பட்டிருந்தது.

அம்மாக்கள் கொல்லும் கதைகளில் கொலை பெரும்பாலும் உருவகம். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் அப்படி இல்லை. 2004-ல் வந்த நாவல். ஃபிர்தவ்ஸ் கட்டிவைத்தவனைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள். பிறகு பக்கத்து வீட்டு சிவாவோடு உறவு ஏற்படுகிறது. அது தெரிந்துபோனதும் அவளுக்கு விஷம் கொடுப்பவள் பெற்ற தாய். இந்தப் பட்டியலில் வாயைத் திறந்து தனக்கு வேண்டியதையும் வேண்டாததையும் நேராகச் சொன்ன மகள் அநேகமாக அவள் ஒருத்திதான். சொன்னவளுக்கு நாவலில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். அந்தத் தாயையும் சல்மா அரக்கியாக எழுதவில்லை. ஜமாஅத் என்ன சொல்லும், சொந்தம் என்ன சொல்லும், மற்ற பிள்ளைகளின் கதி என்ன என்ற கணக்கில் ஒரு மகளைக் கழித்துவிடுகிற மனுஷியாகத்தான் எழுதியிருக்கிறார். பரணர் பாட்டில் தூங்காமல் கிடந்தாளே, அந்த விழிப்பு முற்றிப்போனால் இங்கேதான் வந்து நிற்கும்.

நாவலை எழுதிய சல்மாவின் சொந்தக் கதையில்தான் எனக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. துவரங்குறிச்சியில் பிறந்தவர். பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது, வீட்டோடு இருத்தப்பட்டார், பிறகு விருப்பமில்லாத கல்யாணம். அந்த ஏற்பாட்டில் பெற்ற தாய்க்கும் பங்கு இருந்தது. புகுந்த வீட்டில் எழுதக் கூடாது. ராத்திரியில் ஒளிந்து ஒளிந்து துண்டுத்தாள்களில் கவிதை எழுதினார். அந்தத் தாள்களை அந்த வீட்டைவிட்டு வெளியே யார் கொண்டுபோய்ச் சேர்த்தது தெரியுமா? அதே அம்மா. மகளைப் பார்க்க வந்துபோகிற சாக்கில் மறைத்துக் கொண்டுபோய்ப் பத்திரிகைக்கும் பதிப்பாளருக்கும் போய்ச்சேர வழி செய்தவர். அப்படித்தான் சல்மா என்ற பெயர் அச்சில் வந்தது. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பு 2000-ல் வந்தது, மறுவருஷம் அவர் பஞ்சாயத்துத் தலைவராகவும் ஆனார்.

அடைத்துவைக்க உடன்பட்டதும் அவர்தான், அடைபட்டவளின் குரலைச் சுமந்து வெளியே கொண்டுபோனதும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாவின் மனசில் என்ன ஓடியிருக்கும்? வருத்தமா, பரிகாரமா, அல்லது மகள் கேட்டாள், செய்தேன் என்கிற அளவில்தானா? அந்தக் கவிதைகளை அவர் வாசித்தாரா, வாசித்திருந்தால் அதில் தன் மேல் இருக்கிற கோபத்தைக் கண்டுகொண்டுமா கொண்டுபோனார்? இப்படி ஒருத்தியை யாராவது கற்பனையாக நாவலில் எழுதினால், பாத்திர வார்ப்பில் முரண்பாடு, நம்பும்படியாக இல்லை என்று விமர்சகர்கள் எழுதுவார்கள். பழனியின் சாவை நம்புகிறவர்கள் இந்த அம்மாவை நம்ப மாட்டார்கள்.

என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். நாவலைப் பற்றி இல்லை, சல்மாவின் அம்மா செய்ததைப் பற்றி. ஃபோனில்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“எதுல மறைச்சு எடுத்துட்டுப் போனாளாம்?” என்று கேட்டாள். அவளுக்கு அந்த விவரம்தான் வேண்டியிருந்தது. பிறகு, “அந்த அம்மா பத்தித் தனியா புஸ்தகம் இருந்தா வாங்கி அனுப்பு” என்றாள். அந்த அம்மாவை மட்டும் நடுவில் வைத்து எழுதிய ஒரு நாவலைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் யாராவது எழுதுங்கள். இரண்டு பிரதி வாங்க ஆள் இருக்கிறது.